பழைய ராலே சைக்கிள்: காட்டர் பின் ஒன்று இல்லை, இன்னொன்று அசையவில்லை, ஹப் சங்கிலியும் அறுந்திருக்கிறது

துருப்பிடித்தமணி:
பழைய ராலே ஸ்போர்ட்ஸ் சைக்கிள் ஒன்றைச் சரிசெய்யப் போகிறேன். பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுவிலுள்ள, மூன்று கியர் அடங்கிய உருளை) ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ., அதற்குக் கீழே 62 8 என்று பொறித்திருக்கிறது. இடது கிராங்கில் (மிதிகட்டையைத் தாங்கும் கை), அதை ஆக்சிலோடு பூட்டும் ஆப்பு போன்ற காட்டர் பின்னுக்குப் பதிலாக யாரோ ஒரு போல்ட்டை அடித்துச் செருகியிருக்கிறார்கள். வலது பின் துருவில் இறுகிக் கிடக்கிறது. ஹப் ஓரத்தில் வரும், கியர் மாற்றும் சின்னச் சங்கிலி பாதியில் அறுந்துவிட்டதால் எப்போதும் கனமான கியரிலேயே நிற்கிறது. பெயின்டை மாற்ற விருப்பமில்லை. எந்த அளவு பின் வாங்க வேண்டும்? இறுகியதை எப்படிக் கழற்றுவது?

அரம்பிடி:
62 8 என்றால் ஹப் 1962 ஆகஸ்டில் செய்தது. ஃபிரேமும் அதே ஆண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, சக்கரம் மாற்றப்பட்டிருக்கலாம்.

பிரிட்டிஷ் சைக்கிள்களுக்கு 9.5 மி.மீ. பின். ஐரோப்பியக் கண்டத்து வண்டிகள் பலவற்றுக்கு 9 மி.மீ. அரை மில்லிமீட்டர்தானே என்று 9ஐப் போட்டால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் கிராங்க் ஆடும். கிராங்கின் துளையைக் காலிப்பரில் அளந்து வாங்குங்கள். போல்ட்டோடு ஓட்டியதால் துளை முட்டை வடிவமாகியிருந்தால் புதுப் பின்னும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டும். ஆக்சிலில் பின் உட்காரும் தட்டைப் பள்ளத்தையும் பாருங்கள். விளிம்பில் பிசிறு இருந்தால் மெல்லிய அரத்தால் லேசாக எடுத்தால் போதும்.

வலது பின்னுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு நட்டை, அதன் மேல்முகம் பின்னின் மரை முனையோடு சமமாகும்வரை தளர்த்தி, அதன் மேல் சுத்தியலால் ஓங்கி அடியுங்கள்.

குண்டுகப்:
அப்படியே அடித்துவிடாதீர்கள். கீழே முட்டுக் கொடுக்காமல் அடித்தால் விசை முழுவதும் ஆக்சில் வழியாகப் போய், குண்டுகள் அவை ஓடும் கிண்ணமான கப்பில் குழி பதிக்கும். பின்னின் தலை உள்ளே இறங்கும் அளவு வாயுள்ள இரும்புக் குழாயைத் தரையிலிருந்து கிராங்க் வரை நிறுத்தி, கிராங்கின் எடை அதன் மேல் நிற்கட்டும். பிறகு கனமான சுத்தியலால் ஒரே அடி. சின்னச் சுத்தியலால் பத்துமுறை தட்டினால் பின்னின் முனை காளான் மாதிரி விரிந்துபோகும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். பின்னை அழுத்தித் தள்ளும் கருவியான காட்டர் பிரஸ் கிடைத்தால் சுத்தியலே வேண்டாம்.

கிராங்கைக் கழற்றியதும் ஆக்சிலைப் பாருங்கள். குண்டு ஓடும் பாதையில் குழி இருந்தால் மாற்றுங்கள். குண்டுகள் எப்படியும் புதிது: கால் அங்குலம், பக்கத்துக்கு 11. ஆனால் கப் நல்ல நிலையில் இருந்தால் தொடவே வேண்டாம். ராலேயின் கப் மரை அங்குலத்துக்கு 26, மற்றவற்றில் வருவது 24. கடையில் கிடைக்கும் கப் முதல் சில சுற்று ஏறும், பிறகு ஃபிரேமின் மரையை நாசமாக்கிவிடும். வலது கப்புக்கு எதிர்மரை என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றுகியர்:
ஹப் விஷயம். அறுந்த சங்கிலியின் மிச்சத்தைக் குறடால் பிடித்து இடஞ்சுழியாகத் திருப்பினால் வந்துவிடும். ஹப் ஆக்சிலுக்கு இரண்டு நீளம் உண்டு, சங்கிலியின் முனையில் ஆக்சிலுக்குள் போகும் கம்பியும் அதற்கேற்ப மாறும். எனவே பழைய துண்டுகளை எறியாமல் நீளத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். புதியதை விரலால் கடைசிவரை திருகி, சங்கிலி கேபிளுக்கு நேராக வளையும் அளவுக்கு மட்டும், அதாவது அரைச்சுற்றுக்கு மேல் போகாமல், பின்னுக்குத் தளர்த்துங்கள்.

கேபிளைச் சரிசெய்ய லீவரை 2-ஆம் கியரில் வையுங்கள். வலது நட்டில் உள்ள ஜன்னல் வழியாகப் பார்த்தால் கம்பியின் முனை ஆக்சில் முனையோடு சமமாகத் தெரிய வேண்டும். இதில் அலட்சியம் ஆபத்து. 2-க்கும் 3-க்கும் நடுவே எதுவும் பிடிக்காத ஓர் இடம் இருக்கிறது. எழுந்து நின்று மிதிக்கும்போது அங்கே நழுவினால் ஆள் ஃபிரேமின் மேல்குழாயில் விழுவார்.

ஹப்பைத் திறக்கும் முன் எண்ணெய்த் துளையில் எஸ்.ஏ.இ. 20 தடிமன் கொண்ட இயந்திர எண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டு ஓட்டிப் பாருங்கள். காய்ந்த ஹப்கள் பல இதிலேயே உயிர்பெறும். தாவர எண்ணெய் வேண்டாம், பிசினாகிப் பற்களை ஒட்டிவிடும்.

துருப்பிடித்தமணி:
நன்றி. துளை 9.5 சரியாக இருக்கிறது, முட்டையாகவில்லை. இரண்டு புதுப் பின்னும் போட்டேன். ஆனால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் இல்லை, ஒன்று கொஞ்சம் முன்னால் நிற்கிறது. ஹேண்டில்பார் துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலம் போடலாமா?

அரம்பிடி:
இரண்டு பின்னும் ஒரே பக்கத்திலிருந்து நுழைந்திருக்கும். ஒவ்வொரு கிராங்கையும் முன்பக்கம் நீட்டிப் பாருங்கள். இரண்டிலும் நட் ஒரே திசையில், மேலே என்றால் மேலே, கீழே என்றால் கீழே இருக்க வேண்டும். அதன் பிறகும் சாய்ந்தால் பின்களின் தட்டைப் பக்கம் ஒரே அளவில் அராவப்படவில்லை. வைஸில் பிடித்து, அரத்தைச் சாய்க்காமல் நாலைந்து இழுப்பு, போட்டுப் பார், மறுபடி. கையால் தள்ளும்போது மரை 3-4 மி.மீ. வெளியே தெரிந்தால் போதும். அடித்து உட்கார வைத்த பிறகுதான் நட். நட்டைக் கொண்டு பின்னை இழுக்கப் பார்த்தால் மரை உரிந்துவிடும். 20 கி.மீ. ஓட்டியபின் மறுபடி முட்டுக் கொடுத்து ஓர் அடி அடித்து நட்டை இறுக்குங்கள்.

குண்டுகப்:
ஆக்ஸாலிக் அமிலம் போடலாம், லிட்டருக்கு 10 கிராம், பிளாஸ்டிக் தொட்டி, கையுறை கட்டாயம். அது விஷம், பொடியைச் சுவாசிக்கக் கூடாது. அலுமினியப் பாகங்களையும் குண்டு, ஸ்பிரிங் போன்ற கடினமாக்கிய எஃகையும் அதில் போடாதீர்கள். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். பெயின்ட் உள்ள பாகம் என்றால் மறைவான இடத்தில் முதலில் சோதியுங்கள். குரோமில் மேலோட்டமான துரு மட்டும்தான் என்றால் அமிலமே தேவையில்லை: கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போய்விடும்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் 37-590 (மி.மீ.இல் டயர் அகலம், ரிம் விட்டம்) என்று இருக்கிறதா பாருங்கள். உங்கள் ரிம் 26 × 1⅜ என்றால் அதுதான். 26 × 1¼ என்றால் 597, ஒன்றுக்கொன்று பொருந்தாது.