பட்டுக்கடை விளம்பரத்துக்கு ஏஐ வீடியோ: எதுவரை போகலாம்?

தி.நகர்_ரீல்ஸ்:
தி.நகரில் ஒரு பட்டுக்கடைக்கு ரீல்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேலை எங்களிடம் இருக்கிறது. தீபாவளிக்கு முன் 40 சேலைக்கு வீடியோ வேண்டும். மாடல், மேக்கப், ஸ்டுடியோ வாடகை என்று போனால் பட்ஜெட் தாங்காது. முதலாளி கேட்பது மூன்று. மடித்து வைத்த சேலையின் போட்டோவைக் கொடுத்து, ஒரு பெண் அதைக் கட்டிக்கொண்டு நடப்பது போல வீடியோ. தறியில் நெய்வது போல ஒரு காட்சி. வாடிக்கையாளர்கள் கடையைப் பாராட்டிப் பேசுவது போல இரண்டு மூன்று கிளிப். ஏஐ வீடியோ உருவாக்கும் வீயோ 3, கிளிங் இரண்டும் கையில் இருக்கின்றன. யாரையும் ஏமாற்றாமல் இதில் எதைச் செய்யலாம்?

எடிட்_மேசை:
விற்கப்போற சேலையை மட்டும் ஏஐ கையில கொடுக்காதீங்க. சட்டம் அப்புறம், முதல்ல பொருளே மாறிடும். போட்டோவுல தெரியாத பக்கத்தை அது தானா கற்பனை பண்ணிக்கும். முந்தானை மடிப்புக்குள்ள இருக்கு, அதுக்குத் தெரியாது. ஆனா பொண்ணு திரும்பும்போது ஏதோ ஒரு முந்தானையைக் காட்டியே தீரும். சின்ன புட்டா, மெல்லிய ஜரிகைக் கோடு எல்லாம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கரைஞ்சு மாறும். ஒரு 8 விநாடி கிளிப்பை எடுத்து முதல், நடு, கடைசி ஃப்ரேம்ல நிறுத்திப் பாருங்க. கரையில இருக்கற கோபுரத்தை எண்ணுங்க. எண்ணிக்கை ஒத்துப்போகாது, மயில் அன்னமாகியிருக்கும். ஸ்டேட்டஸ் பார்த்து மதுரையில இருந்து பணம் அனுப்பினவங்களுக்கு வேற சேலைதான் போய்ச் சேரும்.

சேலையை நிஜமா எடுங்க, பின்னணியை மட்டும் ஏஐயில பண்ணுங்க. பொம்மை இரண்டு வெச்சுக்கங்க. ஒண்ணை ஷூட் பண்ணும்போதே இன்னொண்ணுக்குக் கட்டி முடிச்சிடலாம். போன், ட்ரைபாட், சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கற துணிக்கூடு) போட்ட எல்இடி இரண்டு போதும். விளக்கை 45 டிகிரி பக்கவாட்டுல வைங்க, நேரா அடிச்சா ஜரிகை வெள்ளையா வெடிச்சுடும். நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால கேமராவுல ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 விநாடி. வேற வெச்சா கடை விளக்கு வீடியோவுல துடிக்கும். ஒயிட் பேலன்ஸை (கேமரா நிறத்தைச் சரிசெய்யற அமைப்பை) லாக் பண்ணலைன்னா அரக்கு ஒரு ஷாட்டுல மெரூன், அடுத்ததுல சிவப்பு.

பின்னணியை நீக்கறதுக்குப் பின்னாடி கட்டற பச்சைத் துணி, அதான் கிரீன் மேட், வேண்டாம். கிளிப்பச்சையும் மயில்கழுத்தும் அதோட சேர்ந்து காணாமப் போகும், ஜரிகையிலும் பச்சை பிரதிபலிக்கும். சாம்பல் நிறத் துணியைத் தொங்கவிட்டு, எடிட்டிங்ல பொம்மையோட ஓரத்தைச் சுத்தி மாஸ்க் போட்டுப் பின்னணியை வெட்டிடுங்க. பொம்மை அசையாததால அது சுலபம்.

பின்னணிக்கு ப்ராம்ப்ட் (ஏஐக்குக் கொடுக்கற குறிப்பு) எழுதும்போது மூணு விஷயம் சொல்லணும்: ஆட்கள் இருக்கக்கூடாது, கேமரா அசையக்கூடாது, வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருது. உங்க விளக்கு இடப்பக்கம்னா அங்கேயும் இடப்பக்கம். பின்னணி நகர்ந்தா பொம்மை தரையில வழுக்கற மாதிரி தெரியும். முடிஞ்சதும் சேலையைக் கடை வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்து, போன்ல வீடியோவைப் பக்கத்துல வெச்சு நிறத்தை ஒப்பிடுங்க.

விளம்பர_விதி:
மூன்றாவது யோசனையை, அதாவது வாடிக்கையாளர் பாராட்டு கிளிப்பை, இன்றே கைவிடச் சொல்லுங்கள். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பாராட்டு என்பது பேசுபவரின் உண்மையான கருத்தாக இருக்க வேண்டும். இல்லாத ஆளுக்கு ஏது கருத்து? தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. "ஏஐ" என்று ஓரத்தில் போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பொய், படத்தில் மட்டும் இல்லை, சொல்லும் சொல்லிலேயே இருக்கிறது. கூகுளில் வந்த உண்மையான ரிவ்யூவை, எழுதியவரிடம் அனுமதி வாங்கி எழுத்தாகவே காட்டுங்கள்.

ஏஐ பின்னணிக்கு லேபிள் அவசியம். 2026 பிப்ரவரி 20 முதல் நடப்பில் உள்ள ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதித் திருத்தம், செயற்கையாக உருவாக்கிய காட்சியில் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் வேண்டும் என்கிறது. படத்தில் 10 சதவீத இடத்தை லேபிள் பிடிக்க வேண்டும் என்பது 2025 அக்டோபர் வரைவில் இருந்தது, இறுதி விதியில் இல்லை. அந்தப் பழைய செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிறத்திருத்தம் போன்ற வழக்கமான எடிட்டிங்குக்கு லேபிள் தேவையில்லை.

லேபிளை கேப்ஷனில் எழுதினால் போதாது. யாராவது டவுன்லோட் செய்து ஃபார்வர்ட் செய்தால் கேப்ஷன் கழன்றுவிடும், ஃபைலுக்குள் பதிந்திருக்கும் தகவலான மெட்டாடேட்டாவும் தங்காது. வீடியோவிலேயே, தொடக்கம் முதல் முடிவு வரை, "பின்னணி ஏஐயால் உருவாக்கப்பட்டது" என்று பதியுங்கள். ரீல்ஸில் மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம் பட்டன்களும் பெயரும் மறைக்கும் பகுதி. அதற்கு நடுவில் வரட்டும். தமிழ் எழுத்தை ஏஐயே எழுதட்டும் என்று விடாதீர்கள், கொம்பும் சுழியும் சிதையும். எடிட்டரில் தட்டச்சு செய்யுங்கள்.

மூணு_நாடா:
தறிக் காட்சி பற்றி யாரும் சொல்லவில்லை. கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா (ஊடை, அதாவது குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கருவி) ஓடும். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம், இரண்டும் ஊடை ஊடையாகக் கோத்து வர, நெசவாளருக்குப் பக்கத்தில் உதவிக்கு இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பார். ஏஐ தரும் காட்சியில் ஒருவர் தனியாக, ஒரே நாடாவில், இரு நிறக் கரையை நெய்துகொண்டிருப்பார். தொழில் தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் கடையின் மேல் நம்பிக்கை போய்விடும்.

அதைவிட முக்கியமானது, விசைத்தறிச் சேலைக்குப் பக்கத்தில் கைத்தறிக் காட்சி ஓடினால் அதுவே பொய்யான வாக்குறுதி. காஞ்சிபுரம் 75 கிலோமீட்டர்தான். காலையில் போய், நெசவாளரின் அனுமதியோடு, அவருக்கு அன்றைய கூலியும் கொடுத்து, இரண்டு மணி நேரம் எடுத்து வந்தால் வருஷம் முழுக்கப் பயன்படும்.

தி.நகர்_ரீல்ஸ்:
மிக்க நன்றி. இன்னும் ஒன்று. கடையில் நன்றாகப் பேசும் சேல்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் குரலை ஏஐயில் பதிந்து 40 வீடியோவுக்கும் பயன்படுத்தலாமா?

விளம்பர_விதி:
எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எந்தெந்தத் தளம், எத்தனை மாதம், வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும், எப்போது வேண்டாம் என்று சொல்லலாம், எல்லாம் தமிழில் இருக்கட்டும். சம்பளத்தில் சேர்க்காமல் தனித் தொகை கொடுங்கள். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் 2024இல் ஏஐ மூலம் பாட்டில் பயன்படுத்தியபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். நடிகர் குரல் மாதிரி ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2015லேயே சொல்லிவிட்டது.

எடிட்_மேசை:
ஸ்கிரிப்ட்ல விலையை எண்ணா போடாதீங்க, "பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்"னு எழுத்தால எழுதுங்க, இல்லைன்னா பாதி இங்கிலீஷ்ல வாசிக்கும். "பார்டர்"னு எழுதினா முதல் எழுத்தை "பாட்டு"ல வர்ற மாதிரி அழுத்திச் சொல்லிடும். "கரை"ன்னே எழுதிடுங்க.