ஒருசந்தி இருந்தும் அடங்காத கோபம்

கேள்வி: பாம்பன் படகுக்காரர்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் முதல் மீனையும் பீடியையும் விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருந்து, சிலுவைப்பாதைக்கும் தவறாமல் போகிறேன். ஆனால் உள்ளே நடப்பது வேறு. எங்கள் நாட்டுப்படகில் நால்வர் போகிறோம். வலையில் ஏறிய மீனை அங்கேயே குழம்பு வைத்து மற்ற மூவரும் சாப்பிடும்போது, ஊறுகாயோடு கஞ்சி குடிக்கும் எனக்கு அவர்கள்மேல் ஓர் இளக்காரம் எழுகிறது. சென்ற வாரம், வலை இழுப்பதில் சிறு தவறு செய்த பையனைக் கரையில் எல்லார் முன்னிலையிலும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். மீன் சாப்பிட்ட காலத்தில் நான் இப்படி இருந்ததில்லை. இந்தத் தவத்தைத் தொடர்வதா, விட்டுவிடுவதா?

பதில்: தங்கச்சிமடம் உபதேசியார்

தம்பி, தம்மைப் பின்பற்ற விரும்புகிறவரிடம் இயேசு கேட்பது மத்தேயு 16:24-இன் பழைய மொழிபெயர்ப்பில் 'தன்னைத்தான் வெறுத்து' என்றும், இப்போது நம் கோவில்களில் வாசிக்கும் மொழிபெயர்ப்பில் 'தன்னலம் துறந்து' என்றும் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல்லோ, சேவல் கூவுமுன் 'நீ என்னை மறுதலிப்பாய்' என்று பேதுருவிடம் இயேசு 26:34-இல் சொல்லும் அதே சொல்தான். 'அந்த ஆளை எனக்குத் தெரியாது' என்று ஆண்டவரைப் பற்றிச் சொன்ன பேதுருவும் வலைவீசிப் பிழைத்தவரே. அந்தச் சொல்லை நாம் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதே அங்கு கேட்கப்படுகிறது. நீங்கள் மீனை மறுத்தீர்கள். 'நான் மீனை விட்டவன்' என்று படகில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆளை இன்னும் மறுக்கவில்லை.

பதில்: ஓரியூர் வாசகர்

உபதேசியார் சொல்வது சரி என்றாலும், உடலின் தவத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. எங்கள் ஊர் மண்ணில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட மறைப்பணியாளர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), இந்நாட்டுத் துறவிகளைப் போலப் பண்டார சாமியாக வாழ்ந்து புலால் உணவை முற்றிலும் விட்டவர். அது அவருக்குப் பெருமையாக இருக்கவில்லை, இங்குள்ள மக்களிடம் நெருங்கி வரும் வழியாக இருந்தது.

ஆனால் அதே வரலாற்றில் எனக்கு உறுத்தும் ஒன்றும் உண்டு. அவரிடம் திருமுழுக்குப் பெற்ற மறவ நாட்டு இளவரசர் தடியத்தேவர், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் அரசர் சேதுபதியின் உறவுப் பெண். அவருடைய முறையீட்டிலிருந்துதான் அருளானந்தரின் கைது தொடங்கியது. துறந்தவர் தேவர், இழந்தவர் அந்தப் பெண். அவரைப் பற்றி நாம் மறையுரைகளில் அதிகம் கேட்பதில்லை. உங்கள் ஒருசந்திக்கும் இப்போது அந்தப் பையன்தான் விலை கொடுக்கிறான்.

பதில்: மண்டபம், ஓர் இல்லத்தரசி

என் கணவர் ஒருசந்தி இருக்கும் நாளில் எங்கள் பிள்ளைகள் வாய் திறப்பதே இல்லை. ஆகவே உங்கள் கேள்வி எனக்கு நன்றாகப் புரிகிறது, அண்ணா. தவத்தை விடாதீர்கள், வேண்டுமானால் பீடியை விடுவதோடு மட்டும் நிறுத்திக்கொண்டு, பையனிடம் முதலில் பேசுங்கள். எல்லார் முன்னிலையிலும் திட்டியதற்குத் தனியே கேட்கும் மன்னிப்பு போதாது.

மீண்டும் பாம்பன் படகுக்காரர்

மூவருக்கும் நன்றி. நேற்றுப் படகிறக்கும் முன், கரையில் நின்றவர்கள் கேட்கும்படியாகவே பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டு நங்கூரக் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டான். மீனை இன்னும் தொடவில்லை. ஆனால் நேற்று மூவருக்கும் குழம்பு வைத்தவன் நான்தான். ருசி பார்க்க முடியாததால் உப்புக் கூடிவிட்டது என்று மூவரும் ஒரே குரலில் குறை சொன்னார்கள்.