மறு: எச்.எஸ்.கே. தேர்வின் ‘லெவல்’: நிலையா, தரமா, படியா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். சீனம் தாய்மொழியல்லாதோர் எழுதும் சீன மொழித் தேர்வான எச்.எஸ்.கே.யின் ‘லெவல்’ என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் எந்தத் தமிழ்ச் சொல்லைப் பதிவது என்ற கேள்விக்கு இந்த இழையில் நிலை, தரம், மட்டம், படிநிலை, தேர்ச்சிநிலை எனப் பல பரிந்துரைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு சொல் போதும் என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டு நிற்பதுதான் சிக்கலின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘லெவல்’ என்ற ஒன்றையே வைத்துச் சமாளிக்கும் இடத்தில் சீனம் மூன்று சொற்களைக் கையாள்கிறது. அவற்றைப் பிரித்துக்கொள்ளாமல் எந்தச் சொல் பொருத்தம் என்று வாதிட்டால் நாம் ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டே இருப்போம்.

தேர்வின் முழுப்பெயர் ‘ஹான்யூ ஷுய்பிங் காவ்ஷி’. ஹான்யூ என்பது சீன மொழி, காவ்ஷி என்பது தேர்வு. நடுவில் நிற்கும் ஷுய்பிங் என்பது ஒருவருக்கு அம்மொழி எந்த அளவுக்குக் கைவந்திருக்கிறது என்பதைக் குறிக்கிறது. அடுத்து, அந்த அளவைப் பகுப்பதற்கு இரண்டு சொற்கள் வருகின்றன: பெரும்பிரிவுக்கு ‘டெங்’, அதனுள் அடங்கும் சிறுபிரிவுக்கு ‘ஜி’. சீனக் கல்வி அமைச்சகமும் அரசு மொழி ஆணையமும் 2021 மார்ச்சில் வெளியிட்டு, அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தர வரையறை, தொடக்கம், இடை, உயர் என மூன்று டெங்குகளையும், ஒவ்வொன்றிலும் மூன்றாக மொத்தம் ஒன்பது ஜிகளையும் வகுத்துள்ளது. இந்த மூன்றுக்குமே ‘நிலை’ என்று எழுதினால், ‘மொழிநிலைத் தேர்வின் தொடக்க நிலையில் மூன்றாம் நிலை’ என்று வந்து நிற்கும். இப்படியே எழுதப்பட்ட ஒரு வழிகாட்டிக் கட்டுரையைப் படித்துவிட்டு, தான் எழுத வேண்டிய தாள் எது என்று ஒரு மாணவர் கேட்டதில் வியப்பில்லை.

முதலில் ஷுய்பிங்கை எடுத்துக்கொள்வோம்.

> ஷுய்பிங் என்றால் நேர்ப்பொருளில் நீரின் சமதளம்தானே? நம்மிடம் நீர்மட்டம், ரசமட்டம் எல்லாம் இருக்கும்போது ‘சீன மொழி மட்டத் தேர்வு’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, சொற்பிறப்பைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. கொத்தனார் கையிலிருக்கும் ரசமட்டத்தைக் குறிக்கும் சீனப் பெயரும் இதே ஷுய்பிங்கை அடியாகக் கொண்டதுதான். உயர்மட்டக் குழு, உயர்மட்டப் பாலம் என்ற வழக்குகளும் உங்களுக்குத் துணை நிற்கின்றன. ஆயினும் தமிழ்நாட்டில் ‘மட்டம்’ தனித்து வந்தால் இழிவுப்பொருள் முந்திக்கொள்ளும். ‘அவருடைய சீன மொழி மட்டம் இது’ என்ற வாக்கியத்தைச் சான்றிதழின் கீழே எழுதிப் பாருங்கள். பாராட்டு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

‘புலமை’யையும் சிலர் சொல்லியிருந்தார்கள். 2009இல் அறிமுகமான ஆறு பிரிவுத் திட்டத்தில் முதல் பிரிவுக்குத் தேவையானவை 150 சொற்கள். அந்தத் தாளில் எழுத்துகளின்மேல் பின்யின் என்னும் உரோமன் ஒலிபெயர்ப்பும் அச்சிடப்பட்டிருக்கும். ஒலிப்பதிவில் ஒரு சிறு தொடர் கேட்கும். பக்கத்திலுள்ள படம் அதற்குப் பொருந்துகிறதா இல்லையா என்று குறியிட வேண்டும். இதற்குப் புலமை என்று பெயர் சூட்டினால் புலவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

‘தேர்ச்சி’ இவற்றைவிட நல்ல சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வு என்ற சூழலில் நம் காதுக்கு அது ‘பாஸ்’ என்றே விழும். தேர்ச்சி விழுக்காடு, தேர்ச்சி மதிப்பெண் என்று பள்ளிக்கூடமே பழக்கிவைத்திருக்கிறது. எச்.எஸ்.கே.யில் இது வெறும் காதுப் பிரச்சினையாக நின்றுவிடாது. முதல் இரண்டு தாள்களுக்கு 200இல் 120, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் 300இல் 180 என்று தேர்ச்சி மதிப்பெண் உண்டு. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் 2013 முதல் சான்றிதழில் தேர்ச்சி என்றோ தோல்வி என்றோ குறிப்பதில்லை; பெற்ற மதிப்பெண் மட்டுமே இருக்கும், அது போதுமா என்பதைப் பல்கலைக்கழகமோ நிறுவனமோ முடிவு செய்துகொள்ளும். ‘ஆறாம் பிரிவுத் தேர்ச்சிச் சான்றிதழ்’ என்று எழுதினால் இல்லாத ஒன்றைச் சொன்னதாகிவிடும். ஆகவே ஷுய்பிங்குக்குத் ‘திறன்’ என்பதை முன்மொழிகிறேன்: சீன மொழித்திறன் தேர்வு. ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் இது புதிதாகத் தோன்றாது. அதுவே அதன் பலம்.

அடுத்தது, பெரிதும் சர்ச்சைக்குள்ளான சிறுபிரிவு.

> எங்கள் நாட்டில் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திரம்) தேர்வுகளைச் சாதாரண தரம், உயர் தரம் என்று ‘லெவ’லுக்குத் தரம் என்றே பல்லாண்டாக வழங்குகிறோம். அதை ஏன் தவிர்க்க வேண்டும்?

இலங்கை நண்பரின் கேள்வி நியாயமானது, அங்கே அந்த வழக்கு உறுதியாக வேரூன்றியிருக்கிறது. எனக்குள்ள தயக்கம் இரண்டு. ஒன்று, அதே இலங்கையில் ‘தரம் 5 புலமைப்பரிசில்’ என்னும்போது தரம் வகுப்பைக் குறிக்கிறது, ‘உயர் தரம்’ என்னும்போது தேர்வைக் குறிக்கிறது. டெங்குக்கும் ஜிக்கும் இடையே நாம் பிரிக்க முயலும் வேறுபாடு அந்தச் சொல்லுக்குள்ளேயே கலந்துகிடக்கிறது. மற்றொன்று, தமிழ்நாட்டு வாசகருக்குத் தரம் என்றால் பொருளின் நேர்த்தி. ‘முதல் தரம்’ என்று எழுதினால், இருப்பதிலேயே எளிய தாளை இருப்பதிலேயே சிறந்ததாகப் புரிந்துகொள்வார்.

என் பரிந்துரை ‘படி’. முதற்படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்று எண்ணோடு இயல்பாக ஒட்டுகிறது. கீழிருந்து மேலே செல்லும் வரிசை சொல்லிலேயே இருக்கிறது. அகவிலைப்படி, படியரிசி, விதிப்படி என்று இதற்கு வேறு பொருள்களும் உண்டுதான். ‘மூன்று படி’ என்று எழுதினால் அரிசி நினைவுக்கு வரலாம். எப்போதும் வரிசையெண்ணோடு மட்டுமே ஆள்வது என்று வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் எழாது. ‘மூன்றாம் படியின்படி’ என்று எழுத நேருகிறவர் மட்டும் வாக்கியத்தை மாற்றிக்கொள்ளட்டும்.

படி என்றால் ஒன்றில் கால் வைத்துத்தானே அடுத்ததில் ஏற வேண்டும், ஆனால் இந்தத் தேர்வில் நேராக ஐந்தாவதையே எழுதலாமே என்று ஒரு மறுப்பு வந்திருந்தது. உண்மைதான், கீழ்த்தாள்களை எழுதியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆனால் படி குறிப்பது திறனின் அடுக்கை. எழுதிய தாள்களின் வரலாற்றை அது குறிக்க வேண்டியதில்லை. ஐந்தாவதை எழுதுபவர் முதல் நான்கின் சொற்களையும் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் சொற்பட்டியல்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியவை. 2009 திட்டத்தில் அவை 150, 300, 600, 1200, 2500, 5000 என்று ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் இருமடங்காகின்றன. கேட்கப்படும் வேலையும் அதற்கேற்ப மாறுகிறது. மூன்றாம் படியில் வினாக்களின்மேல் இருந்த பின்யின் விலகிவிடும். எழுதும் பகுதியில் மட்டும், வாக்கியத்தின் நடுவே விடப்பட்ட வெற்றிடத்தின்மேல் அது அச்சிடப்பட்டிருக்க, அதற்குரிய எழுத்தை மாணவர் எழுத வேண்டும். ஆறாம் படியில் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துக் கதை ஒன்றைத் தருவார்கள். பத்து நிமிடம் படிக்கலாம், குறிப்பெடுக்கக் கூடாது. பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 35 நிமிடத்தில் நானூறு எழுத்தளவில் சுருக்கி எழுதச் சொல்வார்கள். தன் கருத்தைச் சேர்க்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை ‘நிலை’ என்னும் அசையாத சொல்லைவிடப் ‘படி’ நன்றாகவே சொல்கிறது.

பெரும்பிரிவான டெங்குக்குக் ‘கட்டம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்: தொடக்கக் கட்டம், இடைக் கட்டம், உயர் கட்டம். ‘அடுக்கு’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ‘உயர் அடுக்கு’ என்றதும் மாடிக் கட்டடம்தான் நினைவுக்கு வருகிறது. ‘பருவம்’ கல்லூரிக்காரர்களால் ஏற்கெனவே எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டெங் என்றால் எப்போதும் கட்டம், ஜி என்றால் எப்போதும் படி என்று சீனச் சொல்லோடு தமிழ்ச் சொல்லைப் பிணைத்துப் பதிந்துவிடக் கூடாது. சீனர்களே தங்கள் பொதுமொழி உச்சரிப்புக்காக எழுதும் ‘புதுங்ஹுவா ஷுய்பிங் செஷி’ என்றொரு தேர்வு 1994 முதல் நடக்கிறது. அதில் மூன்று ஜி, ஒவ்வொன்றிலும் இரண்டு டெங், ஆக மொத்தம் ஆறு. அங்கே ஜிதான் பெரியது, டெங் அதற்குள் அடங்குவது! நூற்றுக்கு 97க்குக் குறையாமல் பெறுபவர் முதல் ஜியின் மேல் டெங்கில் இடம்பெறுவார். தேசிய வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பாளர்களிடம் எதிர்பார்க்கப்படுவது அதுதான். அகராதியை மட்டும் பார்த்துச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பெரியது சிறியதாகவும் சிறியது பெரியதாகவும் தலைகீழாகிவிடும். எனவே சீனத்தில் எந்தச் சொல் வந்தாலும், பெரும்பிரிவு கட்டம், உட்பிரிவு படி என்று அமைப்பைப் பார்த்தே தமிழில் வழங்க வேண்டும் என்பது என் வாதத்தின் மையம். தைவான் நடத்தும் சீன மொழித் தேர்வான டி.ஓ.சி.எஃப்.எல்.லில் வைத்துப் பார்த்தாலும் இது பொருந்துகிறது: மூன்று கட்டங்கள், கட்டத்துக்கு இரண்டு படிகள், கட்டத்துக்கு ஒரே தாள்; பெறும் மதிப்பெண்ணைக் கொண்டு படி தீர்மானமாகும்.

இதே முறைதான் எச்.எஸ்.கே.யின் உயர் கட்டத்திலும் பின்பற்றப்படுகிறது. 2022 நவம்பரில் தொடங்கிய இத்தேர்வில் ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்றுக்கும் ஒரே தாள். கேட்டல், படித்தல், எழுதுதலோடு மொழிபெயர்ப்பும் பேச்சும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். எனவே ‘எட்டாம் படித் தேர்வு எழுதினார்’ என்பது பிழையாகும். ‘உயர் கட்டத் தேர்வு எழுதி எட்டாம் படி பெற்றார்’ என்பதே சரி. இரண்டு தனிச்சொற்கள் கையில் இருப்பதால்தான் இந்த வாக்கியத்தை எழுத முடிகிறது.

கலைச்சொல் பட்டியலின் பதிவில் திட்டத்தின் ஆண்டையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1990இல் முறையாகத் தொடங்கிப் பின்னர் விரிந்த முதல் திட்டத்தில் பதினொரு படிகள் இருந்தன. அதில் மூன்றாம் படியை அடிப்படைத் தாள் எழுதியும் பெறலாம், அதற்கு மேலுள்ள தாள் எழுதியும் பெறலாம். 2009 திட்டத்தின் நான்காம் படிக்கு 1200 சொற்கள், 2021 வரையறையின் நான்காம் படிக்கு 3245 சொற்கள். வெறுமனே ‘நான்காம் படி’ என்றால் எது என்று தெரியாது. சீனாவுக்கு ஆங்கில வழியில் மருத்துவம் படிக்கப் போகும் நம் மாணவர்களிடமும் பல பல்கலைக்கழகங்கள் நான்காம் படியைக் கேட்பதால், இது அவர்களை நேரடியாகத் தொடும் விஷயம்.

மொழித்திறனை அளக்கும் ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தின் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஏறுவரிசைக் குறியீடுகளை விளக்கமாக அருகில் தரலாம் என்ற யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. ஆறாம் படி சி2க்கு இணை என்று தேர்வை நடத்திய ஹான்பான் அமைப்பு சொல்லிவந்தது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் சீன மொழி ஆசிரியர் சங்கமோ 2010இலேயே அதை மறுத்து, பி2 அளவில்தான் வைத்தது. இரண்டு பெரும்படிகள் வேறுபடும் ஒன்றைக் கலைச்சொல் பட்டியலில் சமன்பாடாகப் பதிய வேண்டாம்.

ஒன்று மட்டும் பாக்கியிருக்கிறது. எச்.எஸ்.கே.கே. என்ற தனிப் பேச்சுத் தேர்வில் முதல், இடை, உயர் என மூன்றே பிரிவுகள், உட்பிரிவு இல்லை. சீனத்தில் இவற்றை ஜி என்கிறார்கள். ஆயினும் ஒவ்வொன்றும் எழுத்துத் தேர்வின் இரண்டிரண்டு படிகளுக்கு ஒத்துவருவதாக அமைந்திருப்பதால், மேலே சொன்ன விதிப்படி இவற்றைக் ‘கட்டம்’ என்றே வழங்கலாம் என்பது என் கருத்து. உட்பிரிவே இல்லாதபோது கட்டம் எதற்கு என்று நினைப்பவர்கள், பட்டியல் பக்கத்தைத் திருத்துவதற்கு முன் இந்த இழையிலேயே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
குழும உறுப்பினர்