மடக்கு சைக்கிளில் கியர் இறுகிவிட்டது, ஷிஃப்டரை மாற்றத்தான் வேண்டுமா?

ஈசூன்_சைக்கிள்:

வணக்கம். என்னிடம் இருப்பது 20 இஞ்ச் சக்கரம், 7 கியர், நடுவில் மடங்கும் சைக்கிள். வீடு சிங்கப்பூரில் ஈசூனில், வேலை துவாஸில். ஈசூன் நிலையம் வரை ஓட்டி, மடக்கி எம்ஆர்டி ரயிலில் ஏற்றி, துவாஸ் லிங்க்கில் இறங்கி மறுபடி பட்டறை வரை ஓட்டுவேன். மழையிலும் ஓட்டியிருக்கிறேன்.

கியர் மாற்றும் ஷிஃப்டர், வலது கைப்பிடியை முறுக்கும் வகை. முன்பு லேசாகத் திரும்பும். இப்போது 3-லிருந்து 2-க்கு, 2-லிருந்து 1-க்கு வர மணிக்கட்டையே திருக வேண்டியிருக்கிறது. 6-லிருந்து 7-க்குப் போகும்போது கைப்பிடி சுலபமாகத்தான் திரும்புகிறது, ஆனால் சங்கிலி உடனே இறங்குவதில்லை. கொஞ்ச தூரம் மிதித்த பிறகு ‘டக்’கென்று விழுகிறது. இன்னொன்றையும் கவனித்தேன். ரயிலிலிருந்து இறங்கி விரித்தவுடன் இறுக்கம் அதிகமாக இருக்கிறது.

சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டேன், மாற்றமில்லை. கடையில் ஷிஃப்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் சரியாகுமா? வேறு எங்காவது பார்க்க வேண்டுமா?

புளோக்கடி_ரிப்பேர்:

தம்பி, ஷிஃப்டருக்கு இப்போதே காசு போடாதீர்கள். உங்கள் பதிவிலேயே விடை பாதி இருக்கிறது.

கியர் 1-க்கு வருவது உங்கள் கை கேபிளை இழுப்பதால். 7-க்குப் போவது டீரெய்லரில் (பின்சக்கரத்தில் சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் பாகம்) இருக்கும் ஸ்பிரிங் கேபிளைத் திரும்ப இழுப்பதால். கை இழுக்கும்போது கனமாக இருக்கிறது, ஸ்பிரிங் இழுக்கும்போது தாமதமாகிறது என்றால் இடையில் எங்கோ கேபிள் உரசுகிறது. ஷிஃப்டர் கெட்டிருந்தால் பெரும்பாலும் கிளிக் தவறும், அல்லது கேபிளைக் கழற்றிய பிறகும் கைப்பிடி கனமாகவே இருக்கும். மடக்கி விரித்த பிறகு இறுக்கம் கூடுகிறது என்கிறீர்களே, அது மடிப்பு இருக்கும் இடத்தைத்தான் காட்டுகிறது.

எதையும் வாங்குவதற்கு முன் ஷிஃப்டர், டீரெய்லர், கேபிள் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக்கொண்டே 1-க்குக் கொண்டுவாருங்கள். சக்கரத்தை நிறுத்திவிட்டு, மிதிக்காமல் கைப்பிடியை மட்டும் 7-க்குத் திருப்புங்கள். சங்கிலி பெரிய பல்சக்கரத்திலேயே நிற்கும், கேபிள் தளர்ந்து தொங்கும். சட்டத்தில் கேபிள் பிடிக்கும் இடங்களில் வெட்டுவாய் இருந்தால் அவுட்டரை (கேபிளின் மேலுறையை) அப்படியே வெளியே எடுத்துவிடலாம், ஒரு திருகையும் தொட வேண்டாம். வெட்டுவாய் இல்லாவிட்டால் டீரெய்லரில் கேபிளைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்துங்கள். பெரும்பாலும் 5 மி.மீ. ஆலன் கீ போதும்.

இப்போது தளர்ந்த கேபிளை ஒரு கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்புங்கள். லேசாகத் திரும்பினால் ஷிஃப்டர் நலம். அடுத்து சக்கரத்தைச் சுற்றிச் சங்கிலியைச் சின்னப் பல்லுக்கு இறக்கிவிட்டு, டீரெய்லரைக் கையால் உள்பக்கம் தள்ளி விடுங்கள். சட்டென்று திரும்பி வர வேண்டும். சோம்பலாக வந்தால் அதன் மூட்டுகளில் மண். சின்னச் சக்கர சைக்கிளில் டீரெய்லர் தரைக்கு மிக அருகில் தொங்குகிறது, மழைத்தண்ணீரும் மணலும் நேராக அங்கேதான் அடிக்கும். பிரஷ்ஷால் கழுவி, காய்ந்த பிறகு ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கடைசியாக இன்னர் கம்பியை ஒவ்வொரு அவுட்டர் துண்டுக்குள்ளும் முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். எந்தத் துண்டில் கரகரவென்று வருகிறதோ அதுதான் குற்றவாளி.

என் கணிப்பு இரண்டு இடம். ஒன்று, ஹேண்டில்பார் தண்டு மடங்கும் மூட்டுக்குப் பக்கத்தில் அவுட்டர் வளையும் இடம். மற்றொன்று, டீரெய்லருக்குள் நுழையும் கடைசிக் குட்டி வளைவு. சட்டத்தின் வழியாக வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவில் தேங்கி உள்ளே துரு பிடிக்கும்.

சாதாரண சைக்கிளைவிட இதில் கேபிள் அதிக தடவை திரும்புகிறது. திரும்பும் கோணங்கள் எல்லாம் சேரச்சேர உரசல் கூடிக்கொண்டே போகும், அதனால் ஒரு இடத்தில் கொஞ்சம் துரு இருந்தாலும் கைக்கு உடனே தெரியும். ஷிஃப்டரை மட்டும் மாற்றிப் பழைய அவுட்டரை விட்டுவைத்தால் இதே இறுக்கம்தான் இருக்கும்.

மூணுகியர்_மணி:

அண்ணன் சொன்னது டீரெய்லர் வண்டிக்கு. பிராம்ப்டன் மடக்கு சைக்கிளில் வருகிற ஸ்டர்மி ஆர்ச்சர் 3 கியர் ஹப் (பின்சக்கரத்தின் நடுவுக்குள்ளேயே கியர் இருக்கும் வகை) போன்றவை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சேர்க்கிறேன்.

ஹப் கியரில் அச்சுக்குள்ளிருந்து வெளியே வரும் குட்டிச் சங்கிலியை முதலில் பாருங்கள். அதைக் கடைசி வரை உள்ளே திருகிவிட்டு, கேபிள் வரும் திசைக்கு நேராகும்படி அதிகபட்சம் அரைச் சுற்று பின்னால் தளர்த்த வேண்டும். கோணலாக நின்றால் அச்சின் வாயில் உரசிக் கனக்கும். இன்னொன்று, அழுத்தி மிதித்துக்கொண்டே ஹப் கியரை மாற்றக் கூடாது. மிதிப்பதை ஒரு நொடி நிறுத்தி மாற்றினால் லேசாக விழும். டீரெய்லருக்கு இது நேர் எதிர், அதில் மெதுவாக மிதித்துக்கொண்டேதான் மாற்ற வேண்டும்.

ஈசூன்_சைக்கிள்:

அண்ணே, நேற்றிரவு புளோக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். ஷிஃப்டர் லேசாகத் திரும்புகிறது. டீரெய்லரில் மண் இருந்தது, கழுவியபின் நன்றாகத் துள்ளுகிறது. ஹேண்டில்பார் தண்டுக்குப் பக்கத்தில் அவுட்டர் மடிந்து, மேல்தோல் வெடித்து, உள்ளே கம்பிகள் தெரிகின்றன. கடைசி வளைவிலிருந்து இன்னரை உருவியபோது செம்பழுப்பாகத் தூள் கொட்டியது.

இரண்டையும் நானே மாற்றலாம் என்று இருக்கிறேன். என்ன கேட்டு வாங்க வேண்டும்? பழைய துண்டின் நீளத்துக்கே வெட்டிவிடலாமா?

புளோக்கடி_ரிப்பேர்:

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. நீளத்தைப் பற்றிக் கேட்டதுதான் ரொம்ப முக்கியம்.

பழைய துண்டின் அளவை அப்படியே நம்பாதீர்கள். அது மடிந்து வெடித்ததற்கு நீளம் போதாததே காரணமாக இருக்கலாம். விரித்து நிறுத்திய நிலையில் அழகாக இருக்கிறது என்று வெட்டிவிடுவார்கள், மடக்கும்போது அது இழுபட்டு மூட்டில் முறியும். புது அவுட்டரை வெட்டாமல் ஷிஃப்டரிலிருந்து சட்டம் வரை பிடித்துக்கொண்டு சைக்கிளை முழுதாக மடக்குங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்புங்கள். எந்த நிலையிலும் இழுபடக் கூடாது, மூட்டின் இடுக்கில் சிக்கவும் கூடாது. அதற்குப் பிறகு வெட்டுங்கள். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை. ரொம்ப நீளமாக விட்டால் ரயிலில் பக்கத்தில் நிற்பவரின் பையில் மாட்டும்.

கடையில் 4 மி.மீ. கியர் அவுட்டர் என்று தெளிவாகக் கேளுங்கள். பிரேக் அவுட்டர் 5 மி.மீ., சுருள் கம்பியால் ஆனது. அழுத்தினால் கொஞ்சம் சுருங்கும், அதனால் கியர் சரியாக உட்காராது. கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். அதைப் பிரேக்குக்கு ஒருபோதும் போடாதீர்கள். பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் விசையில் அது பிளந்துவிடலாம், உயிருக்கு ஆபத்து. இன்னர் 1.2 மி.மீ., துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். துவாஸ் கடல் காற்றுக்கும் நம் ஊர் மழைக்கும் அந்தச் சில வெள்ளி கூடுதல் தகும்.

சாதாரண கட்டிங் பிளேயரில் வெட்டினால் அவுட்டரின் வாய் நசுங்கிவிடும். கேபிள் கட்டர் இல்லாவிட்டால் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள், ஆனால் சைக்கிளை மடக்கி அளந்து குறித்துக்கொண்டு போங்கள். வெட்டிய முனையை அரத்தால் சமமாக்கி, உள்குழாயின் வாயைக் குத்தூசியால் திறந்துவிட்டு, மூடி மாட்டுங்கள். ஷிமானோ எஸ்பி41 போன்ற அவுட்டரில் உள்ளேயே சிலிகான் கிரீஸ் இருக்கும். அதற்குள் WD-40 ஸ்பிரே அடித்தால் கிரீஸ் கரைந்து வெளியேறிவிடும், வேண்டாம்.

மாட்டும்போது 7-இல் வைத்து, டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்து உருளைத் திருகை முழுதும் உள்ளே திருகி, இரண்டு சுற்று வெளியே எடுத்துவிட்டு, கேபிளை இழுத்து முடுக்குங்கள். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் அந்தத் திருகை இடப்பக்கமாகக் கால் சுற்று. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலப்பக்கமாகக் கால் சுற்று. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள்.

மூணுகியர்_மணி:

ஒரு கேள்வி அண்ணே. எந்தக் கியரில் வைத்து மடக்குவது நல்லது?

புளோக்கடி_ரிப்பேர்:

7-இல். கேபிள் மிகத் தளர்வாக இருப்பது அப்போதுதான், மடிப்பில் இழுவிசை குறையும். ஆனால் 7-இல் டீரெய்லர் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிராம்ப்டனில் சங்கிலி மடிப்புக்கு நடுவே போய்விடும், 20 இஞ்ச் வண்டிகள் பலவற்றில் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். ரயிலில் சங்கிலிப் பக்கம் சுவரை ஒட்டாமல், உங்கள் காலைப் பார்த்து இருக்கட்டும். டீரெய்லர் இடிபட்டால் அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் வளையும், வளைந்தால் எத்தனை கேபிள் மாற்றினாலும் கியர் ஒழுங்காக விழாது. தம்பி கேபிளை மாற்றிய பிறகும் நடுக் கியர்களில் கடகடவென்று சத்தம் வந்தால், சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து டீரெய்லர் பல்சக்கரத்துக்கு நேராகத் தொங்குகிறதா என்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.