‘பீட்’டுக்குத் தமிழில் என்ன? (மறு: மறு: ஈரநிலச் சிற்றேடு)

மொழிபெயர்ப்பாளர், சாட்ஸ்வர்த்:

அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். தென்னாப்பிரிக்கச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளுக்கான ஈரநிலச் சிற்றேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சதுப்பு, நாணல், கோரை எதிலும் தொல்லையில்லை. சதுப்பில் முழுதும் மக்காமல் சேர்ந்த செடி மிச்சமான ‘பீட்’டில் (peat) தான் வண்டி நின்றுவிட்டது. சிக்கலான வரி இது: “செயின்ட் லூசியா ஏரிக்கும் கடலோர மணல்மேட்டுக்கும் நடுவிலுள்ள ம்ஃபபேனி சதுப்பில் ______ ஏறக்குறைய 11 மீட்டர் ஆழத்துக்குப் படிந்திருக்கிறது, அடியில் கிடப்பது சுமார் 45,000 ஆண்டுப் பழையது.” கோடிட்ட இடத்தில் ‘முற்றா நிலக்கரி’ என்று போட்டுவிடலாமா?

மண்ணியலார், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

வேண்டாம் அக்கா. சுரங்கக்காரர் கண்ணோட்டத்தில் வைத்த பெயர் அது. எரிக்க ஆகாத கரி என்ற எண்ணம்தான் பிள்ளைகளுக்கு வரும். ஈரமாக எடுத்தால் அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நீர் நிற்பதால் உயிர்வளி கீழே இறங்குவதில்லை. செடிகள் மடிந்து விழும் வேகத்தோடு மக்கும் வேகம் போட்டியிட முடிவதில்லை. மிச்சம் சேர்ந்துகொண்டே போகிறது. உங்கள் கணக்கையே வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்குச் சராசரி கால் மில்லிமீட்டர். பெயரில் இந்த ‘மக்காமல் நின்றது’ தெரிய வேண்டும்.

சொற்பட்டியல் தொகுப்பாளர், ஜொஹானஸ்பர்க்:

‘மட்கரி’ எப்படி? மட்கியது, கரிமம் நிறைந்தது. இரண்டு கருத்தும் மூன்றரை எழுத்தில் அடங்கிவிடும். ‘புல்கரி’ என்றும் ஒன்று யோசித்தேன்.

புலவர் ஐயா, டர்பன்:

தம்பி, மண்+குடம் மட்குடம் ஆவதுபோல மண்+கரி தான் மட்கரி ஆகும். படிப்பவர் மண்ணில் செய்த கரி என்றுதான் பிரிப்பார். ‘மட்கு’ உங்கள் முதற்சொல்லானால், வினைத்தொகையாக ‘மட்குகரி’ என்று ஊறுகாய் போல இயல்பாக நிற்க வேண்டும்; பெயராகக் கொண்டால் வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வலி மிகுந்து ‘மட்குக்கரி’. இரண்டும் வாயில் நுழையாது.

பழஞ்சொல் இருக்கப் புதுச்சொல் எதற்கு? ‘அளறு’ இருக்கிறது. குறளிலேயே வருகிறது (835, 919). அளறு+மண், டறவொற்று இரட்டி ‘அளற்றுமண்’. வயிற்றுவலி என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அளற்றுமண் சொல்லத் தெரியாதா?

ஆசிரியை, ஐசிபிங்கோ:

ஐயா, அந்தக் குறள்களில் உரைகாரர்கள் அளறுக்கு நரகம் என்றல்லவா பொருள் சொல்கிறார்கள்! காப்பாற்ற வேண்டிய நிலத்துக்கு நாமே நரகப் பெயரைச் சூட்டுவதா?

‘கரி’யில் முடியும் சொல்லும் வேண்டாம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வாயில் ரகர றகரம் ஒன்றுதான். டர்பனில் போய் ‘மட்கரி’ என்றால் ஏதோ கறி என்று நினைத்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்பார்கள். ‘பீட்’ என்றே எழுதலாம் என்றால் அது பீட்ரூட்டோடு கலக்கும். போதாததற்குச் செடிக்கடையில் ‘கோகோபீட்’ என்று தேங்காய்நார்த் தூளை விற்கிறார்கள். சதுப்புக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

மண்ணியலார்:

‘புல்கரி’ தாவரவியலிலும் தவறு. கோரை புல் அல்ல. குவாசுலு-நட்டாலின் வடகரையில் சதுப்புக் காட்டு மரங்களிலிருந்தும் இது உண்டாகிறது. இன்னொன்று: பழைய அடுக்கின் கரிம ஓரிடத்தான் (ஐசோடோப்) அளவைக் கொண்டு “வெப்பப் புற்கள் பெருகிய வறண்ட காலம்” என்று முடிவுகட்டும்போது, பாப்பிரஸ் கோரையும் அதே அளவைத் தரும். ஈரத்தில் நிற்கும் செடி வறட்சிக்குச் சாட்சி சொல்லிவிடும். ஆகவே புல் என்று பெயரிலேயே எழுதி வைக்காதீர்கள்.

‘மட்கு’ வரும் சொல் சரி. எவ்வளவு மட்கியது என்பதைப் பிள்ளைகளே 1 முதல் 10 படி வரையுள்ள ஃபோன் போஸ்ட் (von Post) அளவுகோலால் பார்க்கலாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழியவும். தெளிந்த நீர் மட்டும் வடிந்தால் 1ஆம் படி: செடி இன்னும் செடியாகவே இருக்கிறது. நன்றாகக் கலங்கிய நீரோடு சிறிது கூழும் விரலிடுக்கில் வந்தால் 5. மூன்றில் இரண்டு பங்கு பிதுங்கினால் 8. அத்தனையும் விரலிடுக்கு வழியே போய்க் கையில் ஒன்றும் நிற்காவிட்டால் 10. நார் தெரியும் அடுக்கு பெரும்பாலும் நீர் நின்ற காலம். கருங்கூழான அடுக்கு நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்ட காலம். காய்ந்ததைப் பிழியக் கூடாது, படி தப்பும். ஒருமுறை நன்றாகக் காய்ந்தது தண்ணீரை எளிதில் திரும்ப ஏற்காது. தைலமரத் தோப்புகள் நிலத்தடி நீரை இறக்கிய இடங்களில் தீ பிடித்தால் அடியிலேயே கனிந்துகொண்டு போவது இதனால்தான்.

தொகுப்பாளர்:

அப்படியானால் ‘அரைமட்கு’?

மண்ணியலார்:

அரை என்றால் 5ஆம் படி மட்டும்தான். 1க்கும் 10க்கும் என்ன பெயர் வைப்பது?

தொகுப்பாளர்:

சரி, ‘சதுப்புமட்கு’. பேசாமல் ஊர்ச்சொல்லையே எடுத்தால் என்ன என்றும் தோன்றுகிறது. சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ஆப்பிரிக்கான்ஸ் ‘ஃப்ளேய்’ இங்கே எல்லார் வாயிலும் இருக்கிறது.

புலவர் ஐயா:

அது நிலத்தின் பெயர், மண்ணின் பெயர் அல்ல. சுலுவில் சதுப்புக்கு உள்ள சொல் இன்னும் அழகு. ஆனால் நடுவில் வரும் நாக்கோரச் சொடுக்கொலிக்கு நம்மிடம் எழுத்தில்லை. ‘சதுப்புமட்கு’ எனக்குச் சம்மதமில்லை. மட்கு பேச்சில் ‘மக்கு’ ஆகிவிடும், வகுப்பில் அதற்குப் பொருள் வேறு. மகரந்தத்துக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘பூந்தாது’ என்று மாற்றுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, ‘தாது’வும் வடசொல்தானே? அடுத்த பக்கத்திலேயே இரும்புத் தாது வேறு வருகிறது. மகரந்தம் இருக்கட்டும்.

நால்வரில் மூவர் ‘சதுப்புமட்கு’ பக்கம். முதல் முறை வரும்போது மட்டும் “சதுப்புமட்கு, அதாவது கடைகளில் பீட் எனப்படுவது, கோகோபீட் அல்ல” என்று எழுதிவிடுகிறேன். பிழியும் சோதனையும் சேர்கிறது.

மண்ணியலார்:

காலக்கணிப்புப் பத்தியில் ஒரு திருத்தம். “சதுப்புமட்கைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்புவர்” என்று மொட்டையாக விடாதீர்கள். நாணல் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கும். வேரோடு அனுப்பினால் பழைய அடுக்கு இளையதாகத் தெரியும். “வேரை நீக்கி, விதை, இலைத்துணுக்கு போன்ற நிலத்துக்கு மேல் வளர்ந்த பகுதிகளைப் பொறுக்கி” என்று இருக்கட்டும். துளைத்தெடுத்த 50 செ.மீ. துண்டை ‘உள்ளகம்’ என்று போட்டிருக்கிறீர்களே, யாருக்காவது புரியுமா?

ஆசிரியை:

‘மண்தண்டு’ என்றால் புரியும்.

புலவர் ஐயா:

மண்+தண்டு ‘மட்டண்டு’ அல்லவா ஆகும்? இதைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன். அளற்றுமண் விஷயமும் இன்னும் முடியவில்லை.