ஆரன் டொனால்டுக்கு எதிரே நின்றவர்களுக்கு என்ன நடந்தது? அனுபவப் பகிர்வு

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-இல் ராம்ஸ் அணியின் 99-ஆம் எண், தடுப்பாட்டக்காரர் ஆரன் டொனால்டு. 2014 சீசனில் தொடங்கி 2023 சீசன் வரை பத்து ஆண்டு, ஒரே அணி, மொத்தம் 111 சாக். பந்தைக் கையில் வைத்திருக்கும் குவார்ட்டர்பேக்கை எறிய விடாமல் வீழ்த்துவதுதான் சாக். அவரோடு மோதியவர்களுக்கு எந்த ஆட்டத்தில் என்ன ஆனது, ஏன் ஆனது என்று இந்த இழையில் ஒவ்வொருவராக எழுதுங்கள். ஹைலைட் வீடியோ கடைசி நொடியைத்தான் காட்டும். அதற்கு முந்தைய இரண்டு விநாடியில் கை எங்கே போனது, இடுப்பு எங்கே திரும்பியது என்பதுதான் நமக்கு வேண்டும்.

முதலில் உடம்பு. 6 அடி 1 அங்குலம், 285 பவுண்டு, அதாவது 129 கிலோ. கேட்பதற்குப் பெரிய ஆள்தான். ஆனால் டிஃபென்சிவ் டேக்கிள், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர், அந்த இடத்துக்கு அணிகள் தேடுவது இதைவிட உயரமான, 300 பவுண்டைத் தாண்டிய ஆளை. 2013-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு ஆடி நகர்ஸ்கி, அவுட்லேண்ட், லொம்பார்டி, பெட்னாரிக் என்று கல்லூரி ஆட்டத்தின் நான்கு விருதையும் ஒரே சீசனில் அள்ளியவர். அப்படியும் என்.எஃப்.எல் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் 2014 தேர்வில் அவருக்கு முன் 12 பேரை எடுத்தார்கள். தேர்வுக்கு முந்தைய சோதனையில் 40 கஜத்தை 4.68 விநாடியில் ஓடினார், 225 பவுண்டு பாரத்தைப் படுத்தபடி 35 முறை தூக்கினார். அந்த எடையில் அந்த வேகம் அபூர்வம்.

உயரக் குறைவை எல்லோரும் குறையாகவே எழுதினார்கள். களத்தில் அது பலமாக இருந்தது. கனமான பீரோவை நகர்த்துகிறவர் மேல்விளிம்பைப் பிடித்துத் தள்ளமாட்டார், குனிந்து தோளைக் கீழே கொடுப்பார். டொனால்டு எழும்போதே அவர் தோள் எதிராளியின் நெஞ்சுக்குக் கீழே இருக்கும். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசையில் எதிரே நிற்கிற 6 அடி 5 கார்டு அதற்குச் சமமாக இறங்க முழங்காலை நன்றாக மடக்க வேண்டும். மடக்கினால் கால் வேகம் போய்விடும்.

* * *

கை வேலையை நான் எழுதுகிறேன், அதுதான் இதில் ருசியான பகுதி.

அவர் வழக்கமாக நிற்பது கார்டின் வெளித்தோளுக்கு நேராக. பயிற்சியாளர்கள் இதை "த்ரீ டெக்னிக்" என்பார்கள். கார்டுக்கும், அவருக்கு வெளிப்பக்கம் அதே வரிசையில் நிற்கும் டேக்கிளுக்கும் நடுவே உள்ள சந்துதான் டொனால்டின் வழி. ஒரு கை தரையில், முதுகு தட்டையாக, பார்வை பந்தின் மேல். குவார்ட்டர்பேக் கத்துவதைக் காதில் வாங்கக் கூடாது. குரலை நம்பிக் கிளம்பினால் ஆஃப்சைடு, 5 கஜம் போச்சு.

பந்து அசைந்ததும் முதல் அடி குறுகலாக, முன்னோக்கி. இரண்டாவது அடி தரையைத் தொடும்போது கார்டு இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்குக் கொண்டுவருவார். அந்தக் கணத்தில் டொனால்டு ஒரு கையால் அவருடைய மணிக்கட்டையோ முழங்கையையோ ஓங்கி வெட்டுவார். மறு கை உடனே கார்டின் தோளுக்கு மேலாகத் தாண்டும், அல்லது அக்குளுக்கு அடியில் நுழைந்து மேலே கிழிக்கும். கையோடு சேர்ந்து இடுப்பும் குவார்ட்டர்பேக் பக்கம் திரும்பிவிடும். கார்டின் கை கீழே போனதால் அவர் உடலும் ஒரு சாண் முன்னால் சாயும். அதற்குள் டொனால்டு பக்கவாட்டில் இருப்பார்.

மற்றவர்கள் இதையே செய்து சொதப்புவது மூன்று இடத்தில். சீக்கிரம் வெட்டினால் காற்றில்தான் வெட்டு விழும், அனுபவசாலி கார்டு கையைப் பின்னிழுத்து மறுபடி குத்துவார். தாமதித்தால் நெஞ்சுக் கவசத்தின் விளிம்பை அவர் பிடித்துவிடுவார், பிறகு விடுபடவே முடியாது. மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: கை ஜெயித்துவிடும், இடுப்பு திரும்பியிருக்காது. அப்போது கார்டு முதுகில் ஒரு தள்ளு கொடுத்தால் போதும், ஓடுகிற வேகத்திலேயே குவார்ட்டர்பேக்கைத் தாண்டிப் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

* * *

மேலே சொன்னது எல்லாம் ஒரே நாளில் பார்க்கக் கிடைப்பது 2018 அக்டோபர் 21, சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸுக்கு எதிரான ஆட்டம். 39-10 வெற்றி, அவருக்கு மட்டும் 4 சாக். அந்த சீசன் முடியும்போது 20.5 (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை சாக்). டிஃபென்சிவ் டேக்கிள்களில் அதற்கு முந்தைய உச்சம் 1989-இல் மினசோட்டாவின் கீத் மில்லார்டு எடுத்த 18.

இந்த எண்ணை ஓரத்திலிருந்து ஓடிவரும் வீரர்களின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஓரத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் எதிரே ஒரு ஆள், சுற்றி வளைய இடம். நடுவில் இருப்பவருக்குக் கார்டு ஒருவர், பக்கத்திலிருந்து சாயும் சென்டர் (வரிசையின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுப்பவர்) ஒருவர். அத்தனை நெரிசலில் 20.5 என்பது வேறு கணக்கு.

* * *

கத்திப் பயிற்சியை யாரும் இன்னும் சொல்லவில்லையே. மழுங்கிய பயிற்சிக் கத்தியை எதிரே ஒருவர் நீட்ட, டொனால்டு அதைத் தட்டித் தட்டி விலக்குகிற வீடியோ உலகம் சுற்றியது. அந்தக் கை வேகம் அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

* * *

இதை நான் ஏற்கவில்லை, நண்பரே. கத்தி கண்ணுக்குப் பழக்கம் தரும்: வருகிற கையைப் பார், பயப்படாதே, தட்டு. அவ்வளவுதான். ஆனால் 310 பவுண்டு ஆளின் முழங்கையைக் கீழே இறக்க வேகத்தோடு எடையும் வேண்டும், அந்த எடை காலிலிருந்து வர வேண்டும். அதன் வேர் பிட்ஸ்பர்க் வீட்டின் நிலவறை. பள்ளி வயதிலேயே அவருடைய அப்பா விடியற்காலை நாலரைக்கு எழுப்பி எடைப் பயிற்சிக்குக் கூட்டிப் போவார் என்பது பலமுறை பதிவான செய்தி. கத்தி வந்தது அந்த அடித்தளத்துக்கு மேல்.

* * *

அவரைக் கட்டிப்போட்ட ஆட்டங்களையும் எழுத வேண்டும், அப்போதுதான் முழுமை. 2019 பிப்ரவரி 3, அட்லாண்டாவில் சூப்பர் பௌல், அதாவது சீசனின் இறுதி ஆட்டம். பேட்ரியட்ஸ் 13-3 என்று ஜெயித்தது. 20.5 சாக் எடுத்த மனிதருக்கு அன்று ஒன்றுகூட இல்லை.

எப்படிச் செய்தார்கள்? கார்டுகள் ஜோ தூனி, ஷாக் மேசன். நடுவில் சென்டர் டேவிட் ஆண்ட்ரூஸ் டொனால்டு நிற்கிற பக்கமே சாய்ந்தார். கார்டு வெளிப்பக்கத்தை அடைத்தார், சென்டர் உள்பக்கத்தை. கூடவே பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி பந்தை நீண்ட நேரம் வைத்திருக்கவில்லை. ஜூலியன் எடல்மனுக்கே 10 பாஸ், 141 கஜம். இரண்டரை விநாடிக்குள் பந்து போய்விட்டால் எப்பேர்ப்பட்ட கையும் வீண்தான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: சென்டர் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்துக் கார்டு தனியாக நிற்க வேண்டும். அந்த வாய்ப்பை ராம்ஸின் மற்ற வீரர்கள் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அன்று பிரேடி வீழ்ந்தது ஒரே ஒரு முறை.

2021 ஜனவரியில் கிரீன் பேயில் 32-18 என்று தோற்றது வேறு வகை. ஒரு வாரம் முன்பு சியாட்டிலில் விலாக் குருத்தெலும்பு கிழிந்திருந்தது. கையை ஓங்கி வெட்ட உடலைத் திருக வேண்டும், விலா வலித்தால் அந்தத் திருகலே வராது. பாதி ஆளாக ஆடினார். கிரீன் பே குவார்ட்டர்பேக் ராட்ஜர்ஸை அன்று ஒருமுறைகூட யாரும் வீழ்த்தவில்லை.

* * *

சம்பள விஷயத்தில் சுருக்கமாக. 2017-இல் புது ஒப்பந்தம் கேட்டுப் பயிற்சி முகாமுக்கே வரவில்லை, முதல் ஆட்டத்தையும் விட்டார். அப்படியும் 14 ஆட்டத்தில் 11 சாக், ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 31-இல் 6 ஆண்டுக்கு 13.5 கோடி டாலர். முகாமைத் தவறவிட்டால் சீசன் கெட்டுப்போகும் என்ற வாதத்தை அவர் தனியாளாக உடைத்தார். அதே விருது 2018, 2020-இலும். மூன்று முறை வாங்கிய மற்ற இருவர் லாரன்ஸ் டெய்லரும் ஜே.ஜே. வாட்டும்.

கறையும் உண்டு, மறைக்க வேண்டாம். 2022 ஆகஸ்டில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியோடு நடந்த கூட்டுப் பயிற்சியில் கைகலப்பு வந்தபோது எதிரணியின் ஹெல்மெட்டுகளைச் சுழற்றி அடித்தார். அது தவறு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்றாலும் தவறுதான்.

* * *

எல்லோரும் காத்திருந்த ஆட்டத்தை நான் எழுதுகிறேன். 2022 பிப்ரவரி 13, சோஃபி ஸ்டேடியம், சூப்பர் பௌல், எதிரே அதே பெங்கால்ஸ். ராம்ஸ் 23-20 என்று முன்னிலை. ஒரு நிமிடம்கூட மீதி இல்லை. பந்து நடுக்கோட்டருகே, மூன்றாவது முயற்சி, பெங்கால்ஸுக்குத் தேவை ஒரே ஒரு கஜம் (நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு).

ஓட்டக்காரர் சமாஜே பெரைன் பந்தோடு நடுவில் நுழைகிறார். டொனால்டு தடுப்பவரிடமிருந்து விடுபட்டு ஒரு கையை நீட்டிப் பிடிக்கிறார். முழு உடலால் மோதவில்லை. கபடியில் கோட்டைத் தொடப்போகிற ரைடரை ஒற்றைக் கையால் நிறுத்துவது மாதிரிப் பிடித்து, பின்னுக்கு இழுக்கிறார். ஒரு அங்குலமும் கிடைக்கவில்லை.

நான்காவது முயற்சி, 43 விநாடி. பெங்கால்ஸ் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ பந்தை வாங்கிப் பின்வாங்குகிறார். வெளியே ஜமார் சேஸ் ஓட, அவரை மறிக்க வேண்டிய ராம்ஸின் ஜேலன் ராம்சி தடுமாறி விழுந்துவிட்டார். இன்னும் ஒரு விநாடி இருந்திருந்தால் பெரிய பாஸ், ஆட்டமே மாறியிருக்கும். அந்த ஒரு விநாடியைத்தான் டொனால்டு கொடுக்கவில்லை. இடது கார்டு குவின்டன் ஸ்பெயினைத் தாண்டி வந்து பர்ரோவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துச் சுழற்றினார். பர்ரோ விழுந்துகொண்டே பந்தை வீசினார், அது பெரைனுக்கு எட்டாமல் தரையில் விழுந்தது.

கணக்கில் அது சாக் இல்லை. பந்து கையை விட்டுப் போய்விட்டதே. அன்று அவர் பெயரில் 2 சாக், அணிக்கு 7. ஆனால் கோப்பையை எடுத்துக் கொடுத்தது கணக்கில் வராத அந்தப் பிடிதான். எழுந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி, மோதிர விரலைச் சுட்டிக்காட்டினார்; கோப்பை வென்றவர்களுக்கு மோதிரம் கிடைக்கும்.

* * *

அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஜனவரி 30, ஃபார்ட்டி நைனர்ஸை 20-17 என்று ஜெயித்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களிலும் இதே கதைதான். எதிரணிக் குவார்ட்டர்பேக் கரோப்போலோவைப் பிடித்து இழுக்கும்போது அவர் பதறி எறிந்த பந்து தட்டுப்பட்டு ராம்ஸின் டிராவின் ஹோவர்டு கைக்குப் போனது. அதுவும் டொனால்டின் சாக் கணக்கில் இல்லை. புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் இந்த இரண்டையும் பின்பக்கக் கேமரா காட்சியில், பந்தைப் பார்க்காமல் 99-ஐ மட்டும் பார்த்து, பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.