சோஷியல் பாலிசி முதுகலை: வந்து இரண்டு மாதம், ஒன்றும் பிடிபடவில்லை

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டு, சோஷியல் பாலிசியும் (அரசின் நலத்திட்டங்களைப் பற்றிய படிப்பு) ரிசர்ச் மெத்தட்ஸும் (ஆய்வு முறைகள்) சேர்ந்த ஒரு வருடப் படிப்புக்காக செப்டம்பரில் இங்கிலாந்து வந்தேன். வாரத்துக்கு எட்டு மணி நேரம்தான் வகுப்பு. செமினாரில் எல்லாரும் பேசுகிறார்கள், நான் குறிப்பு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் கட்டுரைக்கு 58 வந்திருக்கிறது. ஊரில் நான் 80-க்குக் குறைந்ததில்லை. டிஸர்டேஷனுக்கு (கடைசியில் எழுதும் ஆய்வேட்டுக்கு) நம்ம பக்கத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பற்றி எழுதலாம் என்று நினைப்பு. டிசம்பர் லீவில் ஊருக்குப் போகும்போதே பேட்டிகளை எடுத்துவிடலாமா? அக்காமார், அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்கள்.

---

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எடுக்காதே. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

58-க்கு அழ வேண்டாம். இங்கே முதுகலையில் 50 பாஸ், 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். 75-க்கு மேல் போட அவர்களுக்குக் கை வராது. வகுப்பு குறைவாக இருக்கிறதே என்றும் ஏமாந்துவிடாதே. மொத்தம் 180 கிரெடிட், கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. அந்த 1,800 மணி நேரத்தில் வகுப்பு சின்னத் துண்டுதான், மீதியெல்லாம் நீயே படிப்பதும் எழுதுவதும். அதற்காக ரீடிங் லிஸ்ட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கப் போகாதே. நான் போனேன், அக்டோபரிலேயே படுத்துவிட்டேன்.

மார்க் குறைந்ததற்குக் காரணம் உன் இங்கிலீஷ் இல்லை. நம்ம ஊர்ப் பரீட்சை 'விவரி' என்று கேட்கும். நாமும் உபதலைப்பு போட்டு, அடிக்கோடு போட்டு விவரித்துவிட்டு வருவோம். இங்கே கேட்பது வாதம். நீ எந்தப் பக்கம், எதை வைத்துச் சொல்கிறாய், எதிர்த்தரப்பு வந்தால் என்ன பதில் வைத்திருக்கிறாய், இதுதான். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைச் சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். இந்த ஒரு பழக்கத்தைச் சொல்லித் தந்திருக்கலாம்.

செமினாரில் பேச விஷயம் இல்லை என்கிறாயா? ரேஷன் கடை வரிசையில் நின்றிருப்பாய் அல்லவா, அதைப் பேசு. 1997-ல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று குடும்பங்களைப் பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். அதை வாங்க 'நான் ஏழை' என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. சோஷியல் பாலிசியின் பெரிய சண்டையே இதுதான்: எல்லாருக்கும் கொடுப்பதா, தேவைப்பட்டவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுப்பதா. ஏழைக்கென்று தனியாக வைக்கிற சேவை தரத்திலும் ஏழையாகவே போய்விடும் என்று ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் சொன்னதை உனக்குப் படிக்கக் கொடுத்திருப்பார்கள். (பள்ளிக்கூடத்தை 14 வயதில் விட்டவர், பட்டமே வாங்காமல் 1950-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியர் ஆனார். 58 வாங்கியவனுக்கு இது ஆறுதலாக இருக்கட்டும்.) எங்கள் தெருவில் காரில் வந்து சர்க்கரை வாங்கிப் போகிறவர் இருந்தார். அவரும் வரிசையில் நின்றதால்தான் கடைக்காரர் எடையில் கை வைக்கப் பயந்தார் என்று அம்மா சொல்வாள். அதை நான் செமினாரில் சொன்ன அன்றுதான் பேராசிரியர் முதன்முறையாக என் பெயரைக் கேட்டார்.

நம்ம ஜில்லாவுக்கு இந்தப் படிப்பில் பழைய உறவும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் மாணவர்களைக் கேள்வித்தாளோடு கிராமங்களுக்கு அனுப்பினார். அதில் ஒன்று நம்ம கங்கைகொண்டான். 1980-களிலும் ஆய்வாளர்கள் அங்கே திரும்பப் போனார்கள். இங்குள்ள நூலகத்தில் அந்தப் பெயரைப் பார்த்தபோது, பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டே கடந்து போன ஊரா இது என்று இருந்தது. உன் டிஸர்டேஷனின் இரண்டாம் அத்தியாயம் இங்கே தொடங்கலாம்.

சரி, பீடிக்கு வருவோம். நான் செய்த தப்பு இது. முதல் டிசம்பரில் ஊருக்குப் போய், முக்கூடல் பக்கம் சித்தி வீட்டுத் தெருவில் பதினொரு பேட்டி எடுத்தேன். எதிக்ஸ் அனுமதி, அதாவது ஆட்களை வைத்து ஆய்வு செய்யப் பல்கலைக்கழகம் தரும் அனுமதி, வாங்குவதற்கு முன்னால் எடுத்ததால் ஒன்றைக்கூடப் பயன்படுத்த விடவில்லை. 'பின்னால் வாங்கிக்கொள்ளலாம்' என்பதே இங்கே கிடையாது. கோபத்தில் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு யோசித்தபோது, அவர்கள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. சித்தி கூப்பிட்டு 'எங்க அக்கா மகள் வந்திருக்கா, பேசுங்க' என்றால் எந்தப் பெண் மாட்டேன் என்பாள்?

இன்னொன்று கையெழுத்து. ஒப்புதல் படிவத்தை நீட்டியதும் இரண்டு பேர் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அந்தத் தெருவில் கையெழுத்து என்றால் கடன், இல்லையென்றால் பி.எஃப். காகிதம். வாய்மொழி ஒப்புதலை ரெக்கார்டரில் பதிந்துகொள்கிறேன் என்று விண்ணப்பத்திலேயே காரணத்தோடு எழுது, பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆள் கிடைக்க வேண்டும் என்று பீடிக் கடை ஏஜென்ட் வழியாக மட்டும் போய்விடாதே. அவர் காட்டும் வீட்டில் அவருக்குப் பிடித்த பதில்தான் கிடைக்கும். மகளிர் குழு வழியாகப் போவது அதைவிட மேல்.

இரண்டாம் முறை அனுமதியோடு போனேன். ஒரு அக்கா, மடியில் சொளகு, அதில் தூள், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை. தகர அச்சை வைத்து இலையை வெட்டுகிறார், தூள் வைத்துச் சுருட்டுகிறார், நூலைக் கட்டுகிறார், கை நிற்கவே இல்லை. 'என்ன வேலை பார்க்கிறீங்க?' என்று கேட்டேன். 'வேலை ஒண்ணும் இல்ல, வீட்டுல சும்மாதான் இருக்கேன்' என்றார். அன்றைக்கு அவர் எண்ணூறு பீடி கொடுக்க வேண்டும்.

ரிசர்ச் மெத்தட்ஸ் எனக்குப் புரிந்தது அந்த இடத்தில்தான். மத்திய அரசு வீடு வீடாக எடுக்கும் தேசிய மாதிரி ஆய்வில் வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர்களுக்கு 92 என்று ஒரு குறியீடு இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர் என்னைப் போலக் கேட்டு, பதிலை அப்படியே எழுதியிருந்தால் இந்த அக்கா 92-ல் போய் விழுந்திருப்பார். வீட்டில் இருந்து பீடி சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று 1966-ம் வருடச் சட்டமே ஏற்றுக்கொண்டிருந்தது. சட்டம் ஏற்றுக்கொண்டதை ஒரு மோசமான கேள்வி அழித்துவிடும். 'இன்றைக்குக் காலையிலிருந்து என்னென்ன செய்தீங்க?' என்று கேட்டுப் பார், கதையே வேறு.

ஒலிப்பதிவு முழுக்கக் கத்திரிச் சத்தம்தான் கேட்கும். எரிச்சல்படாதே. அந்தச் சத்தம் நின்ற இடங்களைக் குறித்து வை. ஏஜென்ட் கழித்துவிட்ட பீடியைப் பற்றிப் பேசியபோதுதான் எனக்கு நின்றது. பேட்டியை முதலில் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே கோடிங் செய் (எந்த வரி எதைப் பற்றியது என்று குறிச்சொல் போட்டுப் பிரிப்பது). மேற்கோள் காட்டும் வரிகளை மட்டும் மொழிபெயர். அந்த 'சும்மா'வுக்கு இங்கிலீஷ் தேடி நான் ஒரு பக்கம் எழுதினேன், எக்ஸாமினர் அதைத்தான் பாராட்டியிருந்தார்.

---

அக்கா, ரொம்ப நன்றி. கைச்செலவுக்கு சாப்பாடு டெலிவரி பார்க்கலாமா? கோடையில் முழுநேர வேலை?

---

இரண்டும் கூடாது. டெலிவரி ஆட்களைச் சுயதொழில் கணக்கில் வைத்திருப்பார்கள், மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி இல்லை. கடை, நூலகம் மாதிரி இடங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் பார்க்கலாம், வாரம் திங்கள் தொடங்கி ஞாயிறு வரை. கோடை பி.ஏ. பிள்ளைகளுக்குத்தான் லீவு. உனக்கு அது டிஸர்டேஷன் காலம், அதே 20 மணி நேரம்தான். கவுன்சில் டாக்ஸ் (குடியிருக்கும் வீட்டுக்கு உள்ளாட்சி போடும் வரி) நோட்டீஸ் வந்தால் பயந்து கட்டிவிடாதே, முழுநேர மாணவர்களுக்கு விலக்கு உண்டு. பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் வாங்கி அனுப்பு.

டிசம்பரில் ஊரில் பேட்டி வேண்டாம், தெருவில் சும்மா உட்கார்ந்து கவனி. எதிக்ஸ் விண்ணப்பத்தை ஜனவரியிலேயே போட்டுவிடு. ஆய்வு பற்றிய தகவல் தாளைத் தமிழில் எழுதி எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன். அனுப்புவதற்கு முன்னால் 'பங்கேற்பாளர்' என்ற சொல்லை எடுத்துவிடு. முக்கூடலில் யாரும் தன்னை அப்படிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை.